நிழலில் எடுத்த அளவு

மார்ச் 4, சனி

பாளையங்கோட்டையில் தேர்வு முடிந்தது. வேகப்பந்து வீசும் பெண்கள் முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். பதினெட்டு வயதுக்குள் எட்டுப் பேரைப் பொறுக்கி, சென்னையில் ஒரு வருடம் தங்க வைத்து, சாப்பாடும் பயிற்சியும் கொடுத்து, பெண்கள் கிரிக்கெட் லீக் ஏலத்துக்குத் தயார் செய்வது அணி நிர்வாகத்தின் திட்டம். தென் மாவட்டங்களில் அளந்து மதிப்பிட்டு அனுப்புவது என் வேலை. ஆளுக்கு ஆறு பந்து. அதில் அதிக வேகம் எதுவோ அதுதான் கணக்கு. நூற்றைந்து கிலோமீட்டருக்குக் கீழே என்றால் மேற்கொண்டு பேச்சில்லை. இந்த விதியைப் போட்டவளே நான்தான். ஓடி வரும் அழகைப் பார்த்து ஆளெடுத்து ஏமாந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பதினொரு மணிக்குள் பதினெட்டுப் பேர் முடிந்தார்கள். அதற்கு மேல் வெயில் தாங்கவில்லை. மாதவிலக்கு நிற்கிற வயது, இந்த ஆறு மாதமாக உடம்பு நினைத்த நேரத்தில் கொதிக்கிறது. ரவிக்கை முழுக்க நனைந்து, எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தோன்றிவிட்டது. விக்கெட்டுக்குப் பின்னால் வலையை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியையும் வேகம் அளக்கிற ஸ்பீடு கன்னையும் வாகை மர நிழலுக்கு மாற்றிக்கொண்டேன். மீதிப் பதின்மூன்று பேரை அங்கிருந்தே பார்த்தேன். தாமதமாக வந்தவர்கள் எப்போதுமே கொஞ்சம் சுமார்தான்.

கடைசியாக வந்தவள் இசக்கிரேவதி. ராதாபுரம் பக்கத்துக் கிராமம். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். வரும் ஜூனில் பதினெட்டு முடிகிறது.

"ஏன் இவ்வளவு லேட்?" என்றேன்.

"மூணு பஸ்சு மாறி வாரேன் மேடம். நடுவுல உள்ளது வரல."

"யார்கிட்ட கத்துக்கிட்ட?"

"யார்ட்டயும் இல்ல. பயலுவளோட சேந்து போடுவேன்."

"கோச் லெட்டர் இருக்கா?"

"பந்து போட்டாத் தெரிஞ்சிராதா மேடம்?"

சிரிக்காமல் சொன்னாள். காலில் அவள் அண்ணனுடைய ஷூ, முன்பக்கம் துணி அடைத்தது. 97, 99, 101, 102, 100, 102. அவள் போடும்போது கீப்பராக நின்ற கல்லூரிப் பெண் இரண்டு தடவை கையை உதறிக்கொண்டாள். கையுறை பழசு, மாற்றச் சொல்ல வேண்டும்.

மார்ச் 5, ஞாயிறு

அறிக்கை எழுதினேன். இசக்கிரேவதி: வேகம் 102. வீச்சில் ஒழுங்கு இல்லை. மனப்பான்மை அலட்சியம். எதிர்கால வாய்ப்பு குறைவு.

வீட்டுக்காரர் சங்கரன் வாழைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். "நேத்து எத்தனை பேரக் கவுத்துட்டு வந்தே?"

"இருபத்தெட்டு."

"மூணு பேரு தப்பிச்சிட்டாளுவளா? வயசாவுது ஒனக்கு, எளகிட்டே போற."

அவருக்கு என்னைக் கேலி செய்யாமல் ஞாயிற்றுக்கிழமை கழியாது. ஓய்வு பெற்றபின் எல்லாக் கிழமையும் அவருக்கு ஞாயிறுதான்.

மார்ச் 8, புதன்

சிலிண்டர் வந்தது. தண்ணீர் வரவில்லை.

மார்ச் 11, சனி

நாகர்கோவில். இங்கே பந்தல் போட்டிருந்தார்கள். வலைக்கு நேர் பின்னால், விக்கெட்டைப் பார்த்தாற்போல் நாற்காலி. வேலை சுலபமாக இருந்தது.

ஒரு சின்னத் தகராறு. போன வாரம் பாளையங்கோட்டையில் கலந்துகொண்ட ஜெபக்கனி என்ற பெண்ணை அவள் பயிற்சியாளர் மறுபடி இங்கே கூட்டி வந்துவிட்டார். ஒருவருக்கு ஒரு தடவைதான் என்றேன்.

"மேடம், எங்க கிளப்புல நூத்தஞ்சுக்குக் கொறஞ்சு அவ போட்டதே கிடையாது. நீங்க தொண்ணூத்தெட்டுன்னு எழுதியிருக்கீங்க. நான் யார்ட்ட வேணும்னாலும் பேசத் தயார்" என்று அவர் கத்த ஆரம்பித்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தொல்லை விட்டால் போதும் என்று போட விட்டேன்.

108.

ஒரு வாரத்தில் பத்து கிலோமீட்டர். இந்த வயதில் முன்னேற்றம் சட்டென்று வருவதுண்டு. இங்கே கடல்காற்றும் இருக்கிறது.

அவள் தேறிவிட்டாள் என்று குறித்துக்கொண்டேன்.

மார்ச் 12, ஞாயிறு

ஒரு வாரத்தில் பத்து கிலோமீட்டர் யாருக்கும் ஏறாது. இது நேற்று நாகர்கோவில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதே எனக்குத் தெரியும். எழுதவில்லை, அவ்வளவுதான்.

இன்று காலை பாளையங்கோட்டை மைதானத்துக்கு நடந்தே போய், நாற்காலி கிடந்த இடத்திலிருந்து அடி வைத்து அளந்தேன். வாட்ச்மேன் என்ன தொலைந்தது என்று கேட்டார். கம்மல் திருகு என்றேன். அவரும் குனிந்து தேடினார்.

பந்து வருகிற கோட்டில் நேராக நின்று பிடித்தால்தான் ஸ்பீடு கன் முழு வேகத்தைக் காட்டும். பக்கவாட்டில் விலக விலகக் குறைத்துக் காட்டும். வாகை மர நிழல் கோட்டிலிருந்து பதின்மூன்று மீட்டர் விலகி இருக்கிறது. பந்து கையை விட்டுப் புறப்படும் இடம் இருபத்தெட்டு மீட்டர் தள்ளி. காலண்டர் தாளின் பின்பக்கம் முக்கோணம் போட்டேன். இருபத்தைந்து பாகை. நூற்றுக்கு ஒன்பதரை கிலோமீட்டர் அடிபட்டுப் போகும். பதினாறு வருடம் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இதைக் கரும்பலகையில் போட்டு நடத்தியிருக்கிறேன். பதில் எழுதாதவர்களை நிற்க வைத்திருக்கிறேன்.

பதின்மூன்று பேருக்கும் திருத்திப் பார்த்தேன். ஜெபக்கனி 108, சரியாக வருகிறது. பதினோரு பேர் திருத்திய பிறகும் நூற்றைந்தைத் தொடவில்லை. அப்பாடா என்று இருந்தது. பிறகு கடைசிப் பெயர்.

இசக்கிரேவதி, 112.

இந்த வருடம் நான் அளந்த நூற்று நாற்பது பேரில் நூற்றுப் பத்தைத் தாண்டியவள் வேறு யாரும் இல்லை.

இறுதிப் பட்டியல் புதன்கிழமைதான். நேரம் இருக்கிறது. நாளைக்கு விக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 13, திங்கள்

விக்டர் சென்னையில் தேர்வுக்குழுத் தலைவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நான் எடுப்பதற்குள் அவரே கூப்பிட்டார்.

"மேடம், மத்த மாவட்டத்துலேர்ந்து வர்ற அறிக்கையெல்லாம் நான் ரெண்டு தடவ செக் பண்றேன். உங்களுது மட்டும் அப்படியே மேல அனுப்பிடுவேன். உங்க நம்பர்ல எனக்குச் சந்தேகமே வந்ததில்ல."

"அந்தப் பாளையங்கோட்டை லிஸ்ட்ல ஒரு பொண்ணை மறுபடி பாக்கலாமான்னு..."

"ஏன் மேடம்? அலட்சியம், வாய்ப்புக் குறைவுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே. ஏதாவது தப்பாயிடுச்சா?"

காரணம் சொல்வதென்றால் நாற்காலியை ஏன் நகர்த்தினேன் என்று சொல்ல வேண்டும். வெயில் என்று சொன்னால், அதே வெயிலில் பிள்ளைகள் ஓடி வரவில்லையா என்று கேட்பார். மற்றதை ஒரு ஆணிடம், அதுவும் இவரிடம், எப்படிச் சொல்வது.

"ஒண்ணுமில்ல. சும்மா ஒரு யோசனை" என்றேன்.

"நீங்க யோசனையை மாத்தி நான் பாத்ததே இல்லையே" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன்.

மார்ச் 15, புதன்

பட்டியல் வந்துவிட்டது. எட்டுப் பெயர். ஆறாவது ஜெபக்கனி.

மார்ச் 16, வியாழன்

பருப்புப்பொடி திரித்தேன். உப்புக் கூடிவிட்டது.

மார்ச் 20, திங்கள்

மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"மேடம், நான் சொடலவடிவு பேசுதேன். இசக்கிரேவதி அம்மா. தொந்தரவுக்கு மன்னிச்சிக்கிடுங்க."

"சொல்லுங்க."

"பிள்ள அஞ்சு நாளா சரியாச் சாப்பிட மாட்டேங்கா. பேரு வரலன்னாலும் பரவாயில்ல, எதுல கொறைன்னு தெரியலயேங்கா. நீங்க ஒரு வார்த்த சொன்னியன்னா நான் அவள்ட்டச் சொல்லித் தேத்திருவேன்."

சொல்லியிருக்கலாம். வீட்டில் யாரும் இல்லை. சங்கரன் நூலகத்துக்குப் போயிருந்தார்.

"வேகம் கொஞ்சம் பத்தல" என்றேன்.

"கொஞ்சம்னா எவ்வளவு மேடம்?"

"மூணு கிலோமீட்டர்."

"மூணா?" அந்தம்மா லேசாகச் சிரித்தாள். "ரேசன் கடைக்கே அம்புட்டு தூரம் நடக்கா." பிறகு குரலை இறக்கிக்கொண்டாள். "மெட்ராஸ் ஜவுளிக்கடைக்குப் பொம்பளப் பிள்ளையள எடுக்க ஏஜெண்டு வந்திருக்காரு. இது ஒண்ணுக்காவத்தான் அவளப் பிடிச்சு வச்சிருந்தேன். அப்போ அனுப்பிரலாமா மேடம்?"

"அது உங்க விருப்பம்மா."

"இல்ல, நீங்க படிச்சவிய. வெவரம் தெரிஞ்சவிய. அதான் ஒங்ககிட்டக் கேக்கேன்."

"வீட்ல கலந்து பேசிக்கிடுங்க" என்று வைத்துவிட்டேன்.

மூன்று என்று சொல்லும்போது குரல் கொஞ்சங்கூடத் தடுக்கவில்லை. அதை நினைத்தால்தான்.

மார்ச் 21, செவ்வாய்

ஒன்றும் எழுதுவதற்கில்லை.

ஏப்ரல் 3, திங்கள்

விக்டருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று தடவை எழுதி அழித்தது. கடைசியில் போனது இது: "மார்ச் 4 தேர்வில் பிற்பகுதி அளவுகள் குறைவாகப் பதிவாகியிருக்கக்கூடும் என ஐயுறுகிறேன். கருவியில் பிழை இருந்திருக்கலாம். இசக்கிரேவதி என்பவரை மீண்டும் சோதிக்கப் பரிந்துரைக்கிறேன்."

பதிவாகியிருக்கக்கூடும். இருந்திருக்கலாம். ஐயுறுகிறேன். மூன்று வாக்கியத்தில் தப்புச் செய்த ஆள் யாருமே இல்லை.

கன்னைச் சென்னைக்கு அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. கூரியரில் போட்டேன்.

ஏப்ரல் 6, வியாழன்

சங்கரன் கேட்டார், "ரெண்டு வாரமா எதையோ முழுங்கிட்டு இருக்கியே, என்னது?" சொன்னேன். முழுதும் சொன்னேன், உடம்பு கொதித்தது உட்பட. கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து போய் என் தட்டைக் கழுவி வைத்தார்.

"அந்தம்மா போன் பண்ணினப்போ ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

தைரியம் இல்லை என்பது பதில் ஆகாது. கேட்டவள் படிக்காதவள், அவளால் என்னை ஒன்றும் செய்ய முடியாது என்று அந்த நேரம் எனக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பயிற்சியாளர் கத்தியபோது விதியை விட்டுக்கொடுத்தேனே, அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

ஏப்ரல் 11, செவ்வாய்

விக்டர் அழைத்தார். "கன்னைச் செக் பண்ணிட்டாங்க மேடம். ஒரு கோளாறும் இல்ல. அப்ப என்னதான் நடந்துச்சு?"

"கருவி சரியாத்தான் இருக்கு. நான் உக்காந்த இடம் தப்பு" என்றேன். மரம், பதின்மூன்று மீட்டர், இருபத்தைந்து பாகை, 112. பாடம் நடத்துகிற குரலில் சொல்லி முடித்தேன். வேறு குரல் வரவில்லை.

"நூத்திப் பன்னெண்டா?" என்றார்.

"ஆமா."

"இத எழுத்துல மட்டும் குடுத்துடாதீங்க மேடம். அன்னைக்கு வந்த பதிமூணு பேரும் வாசல்ல வந்து நிப்பாங்க."

"ஒருத்திக்குத்தான் நியாயம் இருக்கு."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவங்களுக்குத் தெரியுமா? எட்டுப் பேரும் சேர்ந்தாச்சு. ஒருத்தியை எந்திரிச்சுப் போன்னு சொல்ல முடியாது. ஒன்பதாவது இடத்துக்கு அனுமதி இல்ல. அடுத்த வருஷம் அவளுக்கு வயசு தாண்டிடும்." பிறகு கேட்டார். "வேற யாருக்கும் தெரியாதுல்ல?"

"வீட்டுக்காரருக்குத் தெரியும்."

"அவ்வளவுதானே. விடுங்க மேடம். தப்பு எல்லாருக்கும் வர்றதுதான்."

போனை வைத்ததும் மனசு லேசாகிவிட்டது. அதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். கால் மணி நேரம் எனக்கு நிம்மதியாக இருந்தது. காப்பி கூடப் போட்டுக் குடித்தேன்.

ஏப்ரல் 12, புதன்

சுடலைவடிவுக்குப் போன் செய்தேன். ரேவதி சென்னைக்குப் போய் மூன்று வாரம் ஆகிறதாம். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடை, மூன்றாவது மாடி. கடைக்காரர்களே விடுதி வைத்திருக்கிறார்கள். போனை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கொடுப்பார்களாம்.

"என்ன மேடம், ஏதும் நல்ல சேதியா?" என்றாள்.

அவளிடமே சொன்னேன். இந்தத் தடவை பாகை, மீட்டர் எதுவும் இல்லை. "உங்க பிள்ளை வேகமாத்தான் போட்டா. நான் தப்பா அளந்துட்டேன். நீங்க அன்னைக்குக் கேட்டப்ப எனக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் மூணுன்னு சொன்னேன்."

அந்தம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தியன்னா அவ அழாமப் போயிருப்பா" என்றாள். பிறகு, "இத அவள்ட்ட நீங்களே சொல்லிருங்க. என்னால முடியாது" என்று வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 22, சனி

சென்னை. அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன். விசேஷமா என்று கேட்டாள். சேலை எடுக்க வந்தேன் என்றேன்.

ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில் முப்பது பெண்களாவது நின்றிருந்தார்கள், எல்லோரும் ஒரே அரக்கு நிறச் சேலை. நான்கு தடவை சுற்றி வந்தேன். கடைசியில் அவள்தான் என்னைக் கூப்பிட்டாள், யாரென்று தெரியாமல். "வாங்கக்கா, என்ன வெலையில பாக்கிய?" நிமிர்ந்து பார்த்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"மேடம்."

"உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும், ரேவதி."

"சூப்பர்வைசர் பாப்பாவ. சேலையப் பாத்துக்கிட்டே சொல்லுங்க."

அவள் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் முந்தானையைத் தடவிக்கொண்டே சொன்னேன். வெயிலுக்காக நாற்காலியை நகர்த்தியது, அளவு குறைந்தது, எட்டு நாளில் கண்டுபிடித்தது, பட்டியல் வருவதற்கு முன்பே தெரிந்தும் வாயைத் திறக்காதது. அவள் நிமிரவே இல்லை. அரக்கு, பச்சை, மயில்கழுத்து நிறம் என்று கை பாட்டுக்கு விரித்தது.

"அப்போ நான் எவ்வளவு மேடம் போட்டேன்?"

"நூத்திப் பன்னெண்டு."

"அன்னைக்கு எங்கூடப் போட்ட ஜெபக்கனி?"

"நூத்தெட்டு."

"அவள எடுத்தாச்சு."

"ஆமா."

சேலையை மடிக்க ஆரம்பித்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, முழங்கையால் நீவி, ஒரு மாதத்தில் நன்றாகப் பழகியிருந்தாள். "இன்னொரு தடவ போடுன்னு சொல்லியிருந்தியன்னா போட்டிருப்பேன்லா. அன்னைக்கு எனக்குக் கை வலிக்கக்கூட இல்ல."

மடித்ததை அடுக்கில் வைத்தாள்.

"இப்ப என்ன செய்ய முடியும் மேடம்?"

"அந்த இடம் கிடைக்காது. கேட்டுப் பாத்துட்டேன்." வேறு ஏதாவது சொல்லத் தோன்றியது. ஷூ வாங்கித் தருகிறேன், ஊருக்கு டிக்கெட் எடுத்துத் தருகிறேன். நல்லவேளை, சொல்லவில்லை.

அவள் அடுத்த சேலைக் கட்டை எடுத்துப் போட்டாள். "எங்க ஹாஸ்டலுக்குப் பின்னால ஒரு கிரவுண்டு இருக்கு. பொம்பளயாளு டீம் ஒண்ணு காலைல பிராக்டிஸ் பண்ணுதாவ. போன வாரம் போய்க் கேட்டேன். கடை ஒம்பதரைக்குத்தான். ஆறு மணிக்குப் போனா போட்டுட்டு வந்திரலாம். கோச் லெட்டர் இருக்கான்னு கேக்காவ."

"நான் எழுதித் தரேன்."

"என்னன்னு எழுதுவிய?"

"நல்லாப் போடற பொண்ணுன்னு."

"அது வேண்டாம். அத யாரு வேணும்னாலும் எழுதலாம்." அப்போதுதான் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "இப்ப எங்கிட்டச் சொன்னியள்ல, அப்பிடியே எழுதுங்க. இல்லன்னா, நூத்திப் பன்னெண்டு போடுதவள ஏன் விட்டாவன்னு கேப்பாவ."

சூப்பர்வைசர் இந்தப் பக்கம் வந்தார். "அக்காவுக்கு இந்தக் கலர் நல்லாருக்கும்" என்று ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். வாங்கிக்கொண்டு வந்தேன். இதுவரை பிரித்துப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 23, ஞாயிறு

அக்கா எழுவதற்கு முன் எழுதி முடித்தேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. "மார்ச் 4 அன்று நான் நிழலுக்காக இடம் மாறி உட்கார்ந்து தவறாக அளந்தேன். இசக்கிரேவதியின் வேகம் மணிக்கு 112 கிலோமீட்டர். நான் எழுதியது 102. பட்டியல் வெளிவருவதற்கு மூன்று நாள் முன்பே இது எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. அவர் தேர்வாகாததற்குக் காரணம் இது ஒன்றுதான்." அலட்சியம் என்று நான் எழுதியிருந்ததும் பொய் என்று ஒரு வரி சேர்த்தேன். பிரதியைப் படமெடுத்து விக்டருக்கும் நிர்வாகத்துக்கும் அனுப்பிவிட்டேன். விக்டரிடமிருந்து எட்டு மணிக்குள் நான்கு அழைப்பு. எடுக்கவில்லை. அவர்கள் என்னை இனி வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

எட்டே முக்காலுக்கு விடுதி வாசலுக்குப் போனேன். அரக்குச் சேலைப் பெண்கள் வரிசையாகக் கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ரேவதி வரிசையிலிருந்து விலகி வந்தாள். கடிதத்தை நின்றபடியே படித்தாள், உதடு அசைய, ஒரு தடவை படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. கூட வந்தவள், "என்னட்டி, லவ் லெட்டரா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

ரேவதி தாளை என்னிடமே திருப்பி நீட்டினாள். வேண்டாம் என்கிறாளோ என்று நினைத்தேன்.

"பேருக்குக் கீழ ஒங்க படிப்பப் போடலியே மேடம்."

"அது எதுக்கு?"

"வெவரம் தெரியாத யாரோ அளந்தாவ போலன்னு நெனச்சிருவாவ. நல்லாத் தெரிஞ்சவிய பண்ணுனதுன்னு தெரிய வேண்டாமா?"

குத்திக் காட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவளுக்கு மணி ஆகிக்கொண்டிருந்தது. தாளை விடுதிச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டு, கையெழுத்துக்குக் கீழே தெளிவாக எழுதிக் கொடுத்தேன்: எம்.எஸ்சி., எம்.ஃபில்., இயற்பியல்.